பத்திரமான வேலை

என் வீட்டுக்காரரு பட்டாளத்துல பீரங்கிப் படை. பீரங்கி பக்கத்துலயே நின்னு குண்டு ஏத்துற வேலை. ட்ரோன் பறக்க விடுற பயிற்சிக்குக் கூப்பிட்டப்ப இழுத்துகினே இருந்தாரு. நான்தான் போன்ல கத்தினேன். "எதிரி ட்ரோன் மொதல்ல பீரங்கியத்தான் தேடும்னு நீங்கதானே சொன்னீங்க? பின்னாடி உக்காந்து டிவி பாக்கற வேலை கசக்குதா?" போனாரு. ஆரணி முழுக்கப் பீத்திகினேன்.

இந்த தபா லீவுல வந்தப்ப, தெருவுல எங்க தறிக்குப் பாவு போட்டிருந்தோம். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டு இழையை நீட்டி, ரெண்டு பக்கமும் நின்னு அறுந்ததை முடிஞ்சிகினு இருந்தோம். அவரு ஒரு கோடியில கழியை இழுத்துப் பிடிச்சிருந்தாரு. பக்கத்துத் தெரு கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கற ட்ரோன் எங்க தலைக்கு மேல வந்து நின்னுச்சு. எல்லாரும் ஈன்னு இளிச்சிகினு கை ஆட்டினோம்.

அவரு கழியை விட்டுட்டாரு. "ஓடுங்க! ஜல்தி ஓடுங்க!"ன்னு கத்தி, என்னைத் தரதரன்னு இழுத்துச் சுவரோரம் தள்ளினாரு. பாவு மொத்தமும் புழுதியில சிக்கு.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா?" வந்த கோவத்துல அழுதுட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம்தான் சொன்னாரு. இவரு ட்ரோன்ல பாத்து, மொத குண்டு எங்க விழுந்துச்சு, இன்னும் எவ்ளோ தள்ளிப் போடணும்னு சொல்லுவாராம். ரொம்ப தூரத்துல இருக்கற பீரங்கிக்காரன் அதைக் கேட்டுச் சுடுவானாம்.

"ஒரு தபா கீழ எதிரி ஆளு ஒருத்தன் அவங்க ட்ரோன்னு நெனச்சு கை ஆட்டினான்."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"தூரத்தைச் சொன்னேன்."

அப்புறம் அவரே, "திரும்பப் பீரங்கிக்கே போறேன்னு எழுதிக் குடுக்கட்டுமா? அங்க நின்னா எங்க விழுதுன்னு கண்ணுக்குத் தெரியாது"ன்னாரு.

சுடறவன் பாக்கல, பாக்கற இவரு சுடல. அப்ப அந்த ஆளைக் கொன்னது யாரு? போ போன்னு கத்தின நானா? பீரங்கிக்குப் போனா இவரைத் தேடிகினு ஒரு ட்ரோன் வரும். ட்ரோன்லயே இருந்தா இவரு தூங்கவே மாட்டாரு. ஒரு வாரம் இதே பேஜார். சோறு வடிக்கறப்பகூட அந்த ஆளோட பொண்டாட்டி எப்படி இருப்பான்னு நெனப்பு வரும், ஐயோன்னு உதறிட்டு எழுந்துடுவேன். இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒண்ணும் விளங்கல.

கிளம்பற அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல மறுபடி கேட்டாரு.

"ட்ரோன்லயே இருங்க."

"தெரிஞ்சே சொல்றியா?"

"தெரிஞ்சேதான் சொல்றேன்"னேன்.