பன்னிரண்டு மாடுகளும் ஒரு காலிப் போத்தலும்

மாடு கழுவிய தண்ணீரை மாடு கழுவிய தண்ணீர் என்று ஒரே வரியில் எழுதவிடாமல், ஏழு பக்கம் எழுதவைப்பதுதான் எங்கள் தொழில். எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் எங்கள் அலுவலகம் இருந்தது. கால்நடை வளர்ப்பவர்களுக்கு மாசு விதிகளை விளக்கி, கழிவுநீர்க் குளத்துக்கு வரைபடம் போட்டு, பாரம் என்கிற அரசாங்கப் படிவத்தை நிரப்பிக் கொடுப்போம். அரசாங்கப் பாரம் நிரப்பி முடித்ததும் தன் பெயரிலேயே சந்தேகம் வந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

நான்காம் கேள்வி

கிள்ளானில் ராசாத்தி அக்காவிடம் பன்னிரண்டு பால்மாடுகள் இருந்தன. கணவர் இறந்தபின் அவர் ஒருவரே பார்த்துக்கொண்டார். கொட்டகைக்குப் பின்னால் புதிதாக ஒரு தாமான், வரிசை வரிசையாக வீடுகளோடு எழும்பியது. கொட்டகைத் தண்ணீர் வீட்டு வாசல் சாக்கடையில், அந்த லோங்காங்கில், ஓடுகிறது என்று புகார் போனது. இரண்டு மாதத்துக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று அரசாங்கக் கடிதம் வந்தது. அக்கா கடிதத்தோடு எங்களிடம் வந்தார்.

மறுநாள் கொட்டகையில் நின்று பாரத்தைப் படித்தேன். நான்காம் கேள்வி, ஒரு மாடு நாளொன்றுக்கு எத்தனை கிலோ சாணி போடும் என்பது. அக்கா ஒரு மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "பால் எத்தனை போத்தல்னு கேளு, சொல்றேன். இதைக் கேக்கறதுக்கா தம்பி உன்னைப் படிக்க வச்சாங்க?"

நகத்தளவு இடம்

கொட்டகையை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று முதலில் பார்த்தேன். வீடுகளிலிருந்து இத்தனை தூரம் என்று ஓர் அலுவலகம் சொன்னது. ஆற்றிலிருந்து இத்தனை தூரம் என்றது இன்னொன்று. மூன்றாவது அலுவலகம், அந்த இரண்டு கணக்கும் தங்களுடையவை அல்ல என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தூரம் கொடுத்தது. வரைபடத்தில் வட்டம் வட்டமாகப் போட்டேன். கடைசியில் நகத்தளவு வெள்ளை இடம் மிஞ்சியது. மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். சீனர்களின் இடுகாடு.

திரும்பி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்கா யோசித்தார். "பரவால்ல தம்பி, அங்க யாரும் புகார் கொடுக்க மாட்டாங்க லா."

புகார்க்காரர்

குளம் வெட்டுவது ஒன்றுதான் வழி என்றானது. ஆள் வைத்து வெட்டிக்கொண்டிருந்தபோது தாமானிலிருந்து ஒருவர் தூக்குச்சட்டியோடு வந்தார். பள்ளி ஆசிரியர். புகாரில் முதல் கையெழுத்து அவருடையது. அவர் எதற்கு வருகிறார் என்று புரியாமல் கோப்பை மூடிக்கொண்டேன். அக்கா பால் அளந்து ஊற்றினார், கொசுறும் விட்டார்.

போகும்போது ஆசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மாடுங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல சார். அதுங்க இங்கேயே இருக்கட்டும். அந்தத் தண்ணி மட்டும் வேற எங்கயாவது போகட்டும்."

அதிகாரி வந்த வெள்ளிக்கிழமை

குளம் இரண்டு. முதலாவதில் மண்டி தங்கும். இரண்டாவதில் தண்ணீர் பல நாள் கிடந்து தெளியும். கடைசியில் வழிவதைத்தான் அதிகாரி போத்தலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவார். கெடு முடிய ஐந்து நாள் இருந்தது. "வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாரு, குளம் சுத்தமா இருக்கணும்" என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் அண்டா குண்டாவரை கவிழ்த்துக் கழுவிவிடுவது நம் பழக்கம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் போனபோது இரண்டு குளமும் காலி. அடி வரைக்கும் தேய்த்து, கரையில் சுண்ணாம்புத் தூள் போட்டிருந்தார். அதிகாரி மலாய்க்காரர், இளைஞர். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஆன்டி, ஆயேர் மானா?" என்றார். தண்ணீர் எங்கே என்று கேட்டதும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவருக்காகத்தான் விடியறதுக்குள்ள எல்லாத்தையும் தொறந்து லோங்காங்கில விட்டுட்டேன், சொல்லு தம்பி."

நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் லோங்காங் என்பது மலாய்ச் சொல்.

பதில் கடிதம்

அதிகாரி லோங்காங் வரை நடந்து போனார். அது கறுப்பாக, நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து மாடுகளைப் பார்த்தார். பிறகு காலிப் போத்தலைப் பையில் போட்டுவிட்டு ஏதோ எழுதினார். மாடுகள் போய்விடும் என்று முடிவு செய்துகொண்டேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு இரவு ஒத்திகை பார்த்தேன்.

கெடு நாளன்று கடிதம் வந்தது. பார்வையிட்ட நேரத்தில் குளத்திலிருந்து தண்ணீர் எதுவும் வெளியேறவில்லை. தண்ணீர் வெளியேறாத கொட்டகை இந்த விதியின் கீழ் வராது. எனவே முந்தைய கடிதம் ரத்து. மூன்று தடவை படித்தேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த அதிகாரி இரக்கப்பட்டாரா, பாரத்தில் வேறு கட்டம் இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவுக்கு ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தேன். மாடுகள் இங்கேயே இருக்கலாம் என்றதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிரம்பிக்கொண்டிருந்த குளத்தைப் பார்த்தார். "அப்போ இனிமே இதைத் தொறக்கலாமா, கூடாதா?"

பதினோரு வருஷம் அந்தத் தொழிலில் இருந்தேன். விதியை உள்ளபடி கடைப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.