சுகுணா வாசிக்காத செய்தி

1. முதல் நாளே கடையடைப்பு

கேபிள் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தண்டையார்பேட்டையில் பாதிக் கடைகளை மூட வைத்துவிட்டோம். ஸ்ட்ரைக் இல்லை, பந்த் இல்லை. எங்கள் வீடியோ டெக் கெட்டுப்போனது, அவ்வளவுதான்.

முதலாளி சபியுல்லா பாய். சாயங்காலம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது டெக் டேப்பை மென்றுவிட்டது. திரை கறுப்பாகக் கிடந்தால் ஜனங்கள் போன் போட்டே உயிரை எடுப்பார்கள். பாய் கைக்குக் கிடைத்த ஒரு கேசட்டை இன்னொரு டெக்கில் சொருகினார். யாரோ ஒரு வித்வான் கண்ணை மூடிக்கொண்டு வீணை வாசிக்கிறார். பேச்சு இல்லை, எழுத்து இல்லை. அந்தக் காலத்தில் டிவியில் காரணம் சொல்லாமல் வீணை வந்தால் பெரிய தலைவர் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். அறிவிப்பு பிறகு வரும், அதற்கு முன்னால் கடைமேல் கல் வரும். அதனால் நம் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு நேராக எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டார்கள்.

"யாரு பாய் பூட்டாங்க?"

"ஒருத்தரும் பூடல. டெக்குதான் பூட்ச்சி. போய் வியாபாரத்தப் பாருங்கப்பா!"

நம்பினார்களா? இன்றைக்கும் மார்க்கெட்டில் ஒருவர் என் தோளில் கைபோட்டு, "அன்னிக்கி மெய்யாலுமே யாரோ பூட்டாரு, நீங்கதான் அமுக்கிட்டீங்க" என்கிறார். நான் என்ன கவர்மென்டா, அமுக்குவதற்கு?

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை லைன் இழுத்தவன் நான். டிவியைப் பற்றி நான் கேட்காத புருடா இல்லை. செய்தி வாசிப்பவர் மேலே கோட்டு, மேஜைக்குக் கீழே லுங்கி. ஒளிபரப்பு முடிந்த பிறகு வரும் புள்ளிகளையே உற்றுப் பார்த்தால் செத்தவர் முகம் தெரியும். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' போர்டு வந்தால் ஸ்டுடியோவில் அடிதடி. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். ஒன்று மட்டும் அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2. மேலே ஒன்று, கீழே ஒன்று

எங்கள் கேபிளில் சொந்தமாக ஒரு லோக்கல் சேனல் இருந்தது. ஸ்டுடியோ என்றால் பாய் வீட்டு மாடியில் ஒரு ரூம், பின்னால் நீலத் துணி, இரண்டு லைட். அறிவிப்பாளர் சுகுணா, விம்கோ நகர்ப் பெண். அப்பா ஃபேக்டரித் தொழிலாளி. வீட்டில் நம்மைப் போலத்தான் பேசும். கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். அப்படி ஒரு சுத்தம்.

அந்தப் பெண்ணின் நிகழ்ச்சி பிறந்தநாள் வாழ்த்து. குழந்தைகளின் போட்டோவைக் காட்டி, பெயர் சொல்லி வாழ்த்த வேண்டும். தினமும் எடுக்க நமக்கு ஏது வசதி? ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து எடுத்துவிடுவோம். ஒரு நாள் முடிந்ததும் சுகுணா பக்கத்து ரூமுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வரும். கேமராவுக்குப் பின்னால் பாய் கத்துவார், "சிரிம்மா, கொயந்தைக்குப் பொறந்தநாளு!" சிரிக்கும். அவ்வளவுதான் அந்தப் பெண்ணின் வேலை.

திரைக்குக் கீழே ஓடுகிற வரி இருக்கிறதே, ஸ்க்ரோல், அது வேறு டிபார்ட்மென்ட். கீழே கண்ட்ரோல் ரூமில் கம்ப்யூட்டரில் டைப் அடித்து, மேலே எது ஓடினாலும் அதன்மேல் விட்டுவிடுவோம். ரேஷனில் பாமாயில் வந்திருக்கிறது, பர்ஸ் காணவில்லை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே வரியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மேலே இருப்பது போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. கீழே இருப்பது இப்போது அடித்தது. ஊரில் எல்லா லோக்கல் சேனலும் அப்படித்தான் நடந்தது. யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

ஒரு புயல் மழையில் காசிமேட்டிலிருந்து நாலைந்து பேர் தொப்பலாக நனைந்து ஓடிவந்தார்கள்.

"பாய், மீன் புடிக்கப் போன ஒரு லாஞ்சு திரும்பி வர்ல. எங்கனா கரை ஒதுங்கிகீறாங்களான்னு டிவில போடு பாய்."

பாய் யோசிக்கவே இல்லை. "மத்த வெளம்பரம் எல்லாத்தையும் தூக்கு. இத்த மட்டும் ஓட்டு" என்றார். காசிமேட்டிலிருந்து சென்ற லாஞ்சு கரை திரும்பவில்லை, தகவல் தெரிந்தவர்கள் இந்த நம்பருக்குச் சொல்லவும் என்று, லாஞ்சு ஓனர் பெயரோடு அந்த ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது. மேலே வழக்கமான நேரத்துக்குச் சுகுணாவின் டேப் ஓடியது. சிரித்த முகம். கீழே கடலில் காணாமல் போனவர்கள். அந்த நேரத்தில் சுகுணா தன் வீட்டில் ஒழுகுகிற கூரைக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தது.

லாஞ்சில் போனவர்களில் மற்றவர்கள் பழவேற்காடு பக்கம் கரை ஏறிவிட்டார்கள். ஒருவர் மட்டும் வரவேயில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

அப்புறம் கதை கிளம்பியது. முதலில், செய்தி ஓடும்போது அந்தப் பெண் சிரித்தது என்றார்கள். பிறகு, சாவுச் செய்தியையே சிரித்துக்கொண்டு வாசித்தது என்றார்கள். கடைசியில், அது சிரித்த அதே நிமிஷம்தான் லாஞ்சு கவிழ்ந்தது என்று கொண்டுபோய் விட்டார்கள். சுகுணா கொஞ்ச நாளில் வேலையை விட்டது. கல்யாணம் ஆகி வேறு வீட்டுக்குப் போனது. டேப்புகளை அழித்து அழித்து மேலேயே ரெக்கார்டு பண்ணுவது எங்கள் பழக்கம் என்பதால் காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கதையும் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

3. சுகுணாவின் போன்

சமீபத்தில் யூடியூபில் ஒரு பையன் அதைத் தோண்டி எடுத்தான். பழைய டிவி மர்மங்கள் என்று வரிசையாகப் போடுகிறான். பேய்ப்படத்து மியூசிக், திரையில் ஒரு கறுப்பு நிழல். 'வடசென்னையைப் பதறவைத்த சிரிப்பு' என்று தலைப்பு. அவன் சுகுணாவின் பெயரைச் சொல்லவில்லை. கீழே கமென்ட்டில் நம் ஏரியா ஆட்களே சொல்லிவிட்டார்கள். விம்கோ நகர் சுகுணா, இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள், எல்லாம்.

சுகுணா போன் பண்ணியது.

"ண்ணா, என் பொண்ணு கல்யாணம் நின்னுடும் போல கீதுண்ணா."

பெண் பவித்ரா ஒரு பையனை விரும்பி, இரண்டு வீட்டிலும் பேசி, பூ வைப்பதற்கு நாளும் பார்த்தாகிவிட்டது. பையன் தினேஷ், திருவொத்தியூர்க் குப்பத்துப் பிள்ளை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அந்த வீடியோவையும் கமென்ட்டையும் யாரோ அவன் அம்மா கன்னியம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து திரும்பாத அந்த ஒருவர் கன்னியம்மாவின் கூடப் பிறந்த தம்பி.

"என் தம்பி சாவுக்குச் சிரிச்சவ வூட்ல பொண்ணு எடுக்கமாட்டேன்னுட்டாங்கண்ணா. நான் சொன்னா கேக்கமாட்டாங்க. நீங்க அங்க வேலை செஞ்சவரு, நீங்க வந்து சொல்லுங்க. பவி ரெண்டு நாளா சோறு துன்னல."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு பொம்பளைப் பிள்ளையின் வாழ்க்கை, எவனோ வியூஸுக்குப் போட்ட புருடாவில் போவதா? "நீ வராத. வூட்டுல இரு. நான் போய்ப் பேசி முடிச்சிடறேன்" என்றேன். மறுநாள் குப்பத்துக்குப் போனால் தெருமுனையில் சுகுணா எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

4. கன்னியம்மா வீட்டில்

"வா நைனா, சேர்ல குந்து" என்றார் கன்னியம்மா. சுகுணாவை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அது வாசல்படி ஓரமாகவே நின்றது. தினேஷ் சுவரில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தான்.

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். டேப் எப்போது எடுப்போம், ஸ்க்ரோல் எப்போது அடிப்போம், இரண்டும் வேறு வேறு ரூம் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். கன்னியம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீ மிசினு கதய சொல்ற. நான் கண்ணால பாத்தத சொல்றேன். இந்த வூட்ல, இதே எடத்துல குந்திகினு பாத்தேன். என் தம்பி சேதி கீய போவுது, மேல இவ பல்லக் காட்டிகினு கீறா."

எனக்குப் பொறுமை குறைவு, வாய் நீளம். "எப்டிக்கா பாத்திருப்பீங்க? அன்னிக்கி உங்க குப்பத்துல கரண்டே கெடையாது. முந்தின நாள் காத்துலயே எங்க கேபிள் அறுந்து மணல்ல கெடந்திச்சி. மய விட்டதும் போஸ்ட்டுல ஏறி கட்டினவனே நான்தான்!" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கன்னியம்மா கையை நீட்டி வாசலைக் காட்டினார்.

"அப்போ நான் பொய் சொல்றேனா? என் வூட்டுக்கே வந்து என்ன பொய்க்காரின்றியா? எய்ந்து போ நைனா."

தினேஷ், "யம்மோவ், அவரு அப்டி சொல்லல" என்று இழுத்தான். "நீ கம்முனு இர்றா" என்றார். நான் எழுந்துவிட்டேன். பேசி முடிக்க வந்தவன் ஒரேயடியாக முடித்துவைத்துவிட்டேன் என்று என்மேலேயே எரிச்சல். சுகுணாவை எப்படிப் பார்ப்பது?

ஆனால் கன்னியம்மா பேச்சை நிறுத்தவில்லை. குரல் இறங்கிவிட்டது. "பாக்கல நைனா. அல்லாரும் சொன்னாங்க. கேட்டு கேட்டு நானே பாத்த மாறி ஆயிடிச்சி. நீ சொல்றது மெய்யாவே இருக்கட்டும். அந்தக் கத ஒண்ணு இருக்கங்காட்டிதானே என் தம்பியப் பத்தி ஊர்ல பேச்சு கீது? ஒடம்பு வந்துச்சா, ஒரு சமாதி கீதா? கத பொய்யின்னு சொல்லிட்டு நீ பூடுவ. அப்பால இப்டி ஒருத்தன் இருந்தான்னு எவன் சொல்லுவான்?"

அப்போதுதான் சுகுணா வாசல்படியிலிருந்து கேட்டது.

"அவரு பேரு இன்னாக்கா?"

கன்னியம்மா திரும்பினார். நாங்கள் வந்ததிலிருந்து அப்போதுதான் சுகுணாவைப் பார்க்கிறார்.

"இன்னா?"

"உங்க தம்பி பேருக்கா. என்ன ஏசினவங்க ஒருத்தர்கூட அவரு பேர சொன்னதில்ல. அந்த வீடியோலகூட ஒரு மீனவர்னுதான் சொல்றான். எனக்குத் தெரியாதுக்கா."

எனக்கும் தெரியாது. நாங்கள் ஓட்டிய வரியில் லாஞ்சு ஓனர் பெயர்தான் இருந்தது. போனவர்கள் யார் யார் என்று வந்தவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"தேசப்பன்" என்றார் கன்னியம்மா. "எனக்கு அடுத்து பொறந்தவன். சோக்கா பாடுவான், வலை இஸ்த்தா தனியாளா இஸ்ப்பான். இதோ நிக்கிறானே இவன், இவனுக்குக் காது குத்த மடி குடுக்க வேண்டியவன். வந்துடறேன்க்கா, வந்து குத்தலாம்னு சொல்லிட்டுப் போனான். அப்பால யாரோ ஒருத்தர் மடில வெச்சி குத்தினோம்."

சுகுணா உள்ளே வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தது. "அன்னிக்கி என்ன இந்த சேதிய படின்னு யாருமே சொல்லலக்கா. சொல்லியிருந்தா படிச்சிருப்பேன். இப்ப படிக்கட்டுமா?" என்று கேட்டது.

சுகுணா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரலை மறுபடி கேட்டேன்.

"வணக்கம். திருவொத்தியூர்க் குப்பத்தைச் சேர்ந்த தேசப்பன், காசிமேட்டிலிருந்து லாஞ்சில் கடலுக்குச் சென்றவர், இன்னும் வீடு திரும்பவில்லை. நன்றாகப் பாடுவார். அவருடைய அக்கா கன்னியம்மாவும், அக்காள் மகன் தினேஷும் அவருக்காகக் காத்திருக்கிறார்கள்."

சிரிப்பு இல்லை, அழுகையும் இல்லை. செய்தியை எப்படி வாசிக்க வேண்டுமோ அப்படி வாசித்தது.

"இன்னொரு தபா சொல்லு" என்றார் கன்னியம்மா.

இன்னொரு தடவை வாசித்தது. பாதியிலேயே கன்னியம்மா "ஐயோ என் ராசா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். தினேஷ் ஓடிவந்து கையைப் பிடித்தான். சுகுணா நிறுத்தாமல் கடைசி வரை வாசித்து முடித்துவிட்டுத்தான் அழுதது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன். எனக்கும் தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

கொஞ்சம் பொறுத்து தினேஷ் டீ வாங்கிவந்தான். கன்னியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சுகுணாவிடம் பேசினார். சிரித்த கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பத்திரிக்க அடிக்கிறப்போ தாய்மாமன்னு என் தம்பி பேரு போடணும்."

"போட்டுடலாம்க்கா."

"பேருக்கு முன்னால லேட்டுன்னு போட்டீங்கன்னா கல்யாணத்த நிறுத்திடுவேன், ஆமா."

"போடமாட்டோம்க்கா" என்றது சுகுணா.

5. நான் கற்றுக்கொண்டது

அந்த யூடியூப் பையனுக்கு நடந்ததை எல்லாம் சொல்லி ஒரு நீள மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. வீடியோ இன்னும் ஓடுகிறது. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பழைய டிவி கதைகளைத் தேடி என்னிடம் சின்னப் பசங்கள் வருகிறார்கள், கேமராவும் மைக்குமாக. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டேப் எப்படி ஓடியது, ஸ்க்ரோல் எப்படி ஓடியது என்று எதையும் விளக்கிவிடலாம், நானே நன்றாக விளக்குவேன். அதனால் மட்டும் ஒரு கதை சாகாது. யாரோ ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார், பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு எதுவும் இல்லாமல் இருக்கும். அவரிடம் முதலில் அவர் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு நம் நியாயத்தைப் பேசலாம். எனக்கு இது புத்தியில் ஏற வேலையெல்லாம் முடிந்து ரிட்டயர் ஆக வேண்டியிருந்தது.

"அங்கிள், ஒரு லேடி சிரிச்சிகினே சாவு நியூஸ் படிச்சாங்களாமே, மெய்யாலுமா?" என்று இப்போதும் கேட்கிறார்கள். முன்பு என்றால் உடனே கத்தியிருப்பேன். இப்போது, "உக்காருப்பா, சொல்றேன். அந்த லாஞ்சுல போனவர் பேரு தேசப்பன்" என்று அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.