பதில் சொல்லாமல் நகராத சிவப்புக் கட்டம்

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் நான் ஒரு பொய் சொன்னேன். நெற்றி நிறையத் திருநீறோடு!

என் மனைவி செல்வி, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வெடிமருந்து குப்பென்று தீப்பிடித்து வலது கை வெந்துவிட்டது. வேனில் கூட்டிவந்த போர்மேன் வாசலிலேயே என் காதைக் கடித்தார்.

"அண்ணாச்சி, வீட்டு அடுப்புன்னு சொல்லிருங்க. கம்பெனின்னா பூட்டுப் போட்ருவாக. சீசன் நேரம்... அம்புட்டுப் பேரு பொழைப்பு!"

சொன்னேன். எங்கள் பக்கத்தில் யார்தான் சொல்லவில்லை?

டியூட்டி டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. வெளியே ஏகக் கூட்டம். கையைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் 'அடுப்பு' என்று தட்டி, களிம்புக்கும் ஊசிக்கும் ஆர்டர் போட்டார். ஆர்டர் போகவில்லை. திரையில் ஒரு கட்டம் சிவப்பாக நின்றது.

"மெஷின் மக்கர் பண்ணுதா?" என்றேன்.

நர்ஸ் சிரித்தார். "மக்கர் இல்ல அண்ணாச்சி. தீக்காயம்னா, கண்ணைப் பாத்தாச்சான்னு கேக்கும். பதில் போடாம நகராது. முன்னெல்லாம் கூட்டத்துல ஒரு டாக்டர் பாப்பாக, ஒருத்தர் மறந்துருவாக. இப்ப யாரு உக்காந்தாலும் இதே கேள்விதான்."

செல்வி முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். கை வலி என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டரம்மா இமையை விரித்தார். உள்ளே... சாம்பல் நிறப் பொடி!

"ஏங்க, உங்க வீட்ல வெடிமருந்து வச்சா சமைக்கிறீங்க?"

செல்விதான் வாயைத் திறந்தாள். "கம்பெனிலதான் டாக்டரம்மா. இந்த மனுசனுக்குப் பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல."

'அடுப்பு' போய் 'வெடிமருந்து' ஏறியது. அடுத்து என்னென்ன செய்ய வேண்டும் என்று திரையில் வரிசையாக வந்து நின்றது. பாட்டில் பாட்டிலாக சலைன் தண்ணீர் ஊற்றிக் கண்ணைக் கழுவினார்கள். கண் டாக்டர் ஓடி வந்தார். "அப்படியே வீட்டுக்குப் போயிருந்தா பார்வை போயிருக்கும்" என்றார்.

எங்கள் கோயில் பூசாரி, திருவிழாக் கூட்டத்திலும் பூசையில் ஒன்றை விடமாட்டார். வைத்தியத்துக்கும் அப்படி ஒரு முறை வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே — என்ன மனசு!

கம்பெனிக்கு என்ன ஆகுமோ, தெரியாது. செல்விக்குக் கண் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தினோம். "அந்தக் கட்டத்தை வச்ச புள்ளைக்கும் சேத்துக் கும்பிடுங்க" என்றாள் செல்வி. பூசாரி அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்.

"பேரு தெரியாது சாமி" என்றேன். அந்த வாரம் நான் சொன்ன முதல் உண்மை!