மூன்று டிஸ்க்குகளுக்கும் பொட்டு

இரண்டு டிஸ்க்குகள் ஒரே நொடியில் ஒரே வீடியோவை எழுதிக்கொண்டால், எது அசல், எது நகல்? நாத்தனாரிடம் கேட்டேன். "ரெண்டும்தான் அண்ணி" என்றாள். அது பதில்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் மகளுக்கு மூன்று வயது. அவளுடைய வீடியோக்கள் முழுவதும் வீட்டுக் கணினியில், அவற்றுக்கென்றே வைத்திருந்த ஒரே டிஸ்க்கில் இருந்தன. அவற்றை எடுத்த கைப்பேசி சுங்கை செம்பிலாங்கில் படகுத்துறைத் தண்ணீரில் விழுந்துவிட்டது. அந்த டிஸ்க்கும் போனால் அவள் முதலில் நடந்தது, முதலில் பேசியது எதுவும் மிஞ்சாது. கணினி சற்று முனகினாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

நாத்தனார் பத்தாங் காலி ஊரில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்கிறாள். கணினியின் மதர்போர்டிலேயே, ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்டு வசதி இருக்கிறது, இரண்டு டிஸ்க்கை ஜோடி சேர்த்தால் ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும் என்று சொன்னவள் அவள்தான். "ஜோடி சேர்க்கும்போது உள்ளே இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். பழசை அதில சேர்த்திடாதீங்க" என்றும் எச்சரித்தாள். பழைய டிஸ்க் இதுவரை தொல்லை தராததால், அதே ரகத்தில், அதே அளவில் புதிதாக இரண்டு வாங்கினேன்.

அன்று ஆயுத பூஜை. பழையதையும் கழற்றி, மூன்றையும் தாம்பாளத்தில் வைத்து, சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். காகித லேபிளின் மேல்தான் அது நன்றாக ஒட்டியது. பூஜை முடிந்ததும் மூன்றையும் கணினிப் பெட்டிக்குள் மாட்டி, ரெய்டு திரையைத் திறந்தேன். மூன்று வரிகள். மூன்றிலும் ஒரே பெயர், கடைசி எண்கள் மட்டும் வேறு. இரண்டைத் தேர்ந்தெடு என்றது. நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

"லேபிள்ல நம்பரும் தயாரிச்ச தேதியும் இருக்கும், பாருங்க."

"அது மேலதான் பொட்டு வச்சிருக்கேன்."

"டிஸ்க்குக்குமா? அண்ணி!"

"வாசல்ல நிக்கிற மோட்டாருக்கு வைக்கலாம், இதுக்கு வைக்கக் கூடாதா லா?"

"வைக்கலாம். இப்ப அந்த சாமியையே கேளுங்க, எது பழசுன்னு!"

பூஜை நாளிலேயே பொட்டைத் துடைக்கலாமா? கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு துடைத்தேன். ஈரத்தில் ஊறியிருந்த லேபிளின் மையும் சேர்ந்து வந்துவிட்டது.

பயம் ஒரு பக்கம் இருந்தாலும், இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற ஆவலும் வந்துவிட்டது. எதையும் தேர்ந்தெடுக்காமல் வெளியே வந்தேன். கணினியை அணைத்து, ஒரு டிஸ்க்கின் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டேன். மகளின் வீடியோ ஓடியது. அப்படியானால் பிடுங்கியது பழையது இல்லை. அதைத் திரும்ப மாட்டி, அடுத்ததைப் பிடுங்கினேன். இம்முறை வீடியோக்கள் இருந்த இடமே காணவில்லை. உடனே போனில் சொன்னேன்.

"அதான் பழசு! கழட்டி அலமாரில வைங்க" என்றாள் நாத்தனார்.

திரும்ப அந்தத் திரைக்குப் போனபோது இரண்டே வரிகள் இருந்தன. ஜோடி சேர்த்தேன். பிறகு பழையதை மாட்டி எல்லாவற்றையும் அந்த ஜோடிக்கு நகலெடுத்தேன்.

நிம்மதியாக இருந்திருக்கலாம். நாத்தனார் விடவில்லை. "பாப்பா தெரியாம அழிச்சா ரெண்டுலயும் அழியும் அண்ணி. இடி விழுந்தா ரெண்டும் சேர்ந்தே போகும். ஒரே பெட்டி, ஒரே பிளக்தானே?"

இங்கே முக்கால்வாசி மாலைகளில் இடி இடிக்கிறது. பழைய டிஸ்க்கை நாத்தனாரிடம் கொடுத்துப் பத்தாங் காலியில் வைக்கலாம் என்றால், வாராவாரம் எடுக்கும் புது வீடியோக்கள் அதில் ஏறாது. வீட்டிலேயே வைத்தால், வீட்டுக்கு ஏதாவது ஆனால் அதுவும் போகும். இணையத்தில் ஏற்றவோ, பிள்ளையின் முகத்தை எங்கோ அனுப்புகிறோமே என்று மனம் வரவில்லை. பிள்ளைகளின் படங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களே, உங்கள் மூன்றாவது பிரதி எங்கே இருக்கிறது? அதை எப்படிப் புதுப்பிக்கிறீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.