வெரி டீச்சரும் தையல் மெஷினும்

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. வெரி டீச்சர்தான். முன்னறையில் அவருடைய ஆங்கில டியூஷன், சுவருக்கு அந்தப் பக்கம் கணவரின் தையல் மெஷின். அந்தச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தியே டீச்சரின் தொண்டை கரகரத்துப் போயிருந்தது.

நாங்களோ 'வெரி' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'டூ' போடுகிற கூட்டம். படம் டூ சூப்பர், அம்மா டூ நல்லவங்க. டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே போய், தைத்து முடித்த சட்டை ஒன்றைத் தூக்கிவந்து, இருப்பதிலேயே குண்டானவனுக்கு மாட்டிவிடுவார்.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டா பட்டன் போடலாமா? அது வெரி டைட். தலைகீழா நின்னாலும் பட்டன் சேரலையா? அது டூ டைட். வெரின்னா இன்னும் வழி இருக்கு. டூன்னா கதவைச் சாத்தியாச்சு. மண்டையில ஏறுச்சா?"

"கஸ்டமர் சட்டைம்மா அது! கிழிஞ்சா நீயா தைப்ப?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்த மனிதருக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தால் பிழைப்பார் என்று நம்பி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "ஹீ இஸ் டூ வீக் ஃபார் சர்ஜரி."

டீச்சர் கணவர் பக்கம் திரும்பினார். "வெரி வீக்காம். நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேத்திட்டா ஆபரேஷன் பண்ணிடலாமாம்."

இந்த ஒரு தப்புக்காக எங்கள் காதைத் திருகியவர் அவர்.

கணவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பேசினார். "பாவம், அந்த டாக்டர் உன்கிட்ட படிக்கலை. வெரின்னு சொல்ல வேண்டிய இடத்துல டூன்னு சொல்லிட்டாரு."

"ஆமாங்க. அந்த ஆளுக்கு இங்கிலீஷே வராது," என்றார் டீச்சர். முகம் கோணிக்கொண்டு போனது.

"அழாத. வெட்டாத துணியையெல்லாம் அவங்கவங்ககிட்ட திருப்பிக் குடுத்துடு. வெட்டினதை மட்டும் நான் தைச்சு முடிச்சுடறேன்."

சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள், வகுப்பும் நடந்தது. டீச்சர் அன்று கத்தவில்லை. பின்வரிசைக்குக் கேட்காத குரலில், மெஷின் சத்தத்துக்குக் கீழேயே பாடம் நடத்தினார்.