ரொம்பிச்சா? பையோடு வெள்ளிமலைக்கு ஒரு நாள்

புற்றுநோயால் என் மூத்திரப்பையை எடுத்துவிட்டார்கள். குடலில் ஒரு துண்டை வெட்டி வழி செய்து, வயிற்றில் ஒட்டிய ஒரு பையில் சிறுநீர் விழும்படி வைத்திருக்கிறார்கள். அப்படியொரு பையோடு மலையேறத் தயங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

போன வருடம், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் குடலோடு சேருகிற இடத்தில் சுருங்கிவிட்டது. குளிர் காய்ச்சல், இடுப்பு வலி. வலது சிறுநீரகம் முன்பே பழுது, மிச்சமிருப்பது இடது ஒன்றுதான். மறுபடி வயிற்றைக் கிழிப்பார்கள் என்று அழுதேன். டாக்டரோ முதுகில் ஊசித்துளை போட்டு, கம்பி விட்டு, சின்ன பலூனை ஊதி அந்த இடத்தை விரித்தார். உள்ளே மெல்லிய குழாய் ஒன்றும் வைத்தார். மறுநாளே உட்கார்ந்து இட்லி தின்றேன். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

போன மாதம் அந்தக் குழாயையும் எடுத்தாயிற்று. "திரும்பவும் சுருங்கலாம். பை ரொம்பலன்னா உடனே வந்துடுங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு ஒரே கேள்விதான்: "ரொம்பிச்சா?"

ஆவணிக் கடைசி ஞாயிறு, காலை எட்டு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் கிளம்பினோம். வெள்ளிமலை சுமார் நாற்பது கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் நினைத்த இடத்தில் நிற்காது என்பதால் டிரைவரோடு வாடகை ஜீப். வழியில் எங்கே ஒதுங்குவது என்ற பயத்தில் காலையிலிருந்து நான் தண்ணீரே குடிக்கவில்லை. புத்திசாலி!

கோமுகி அணை தாண்டும்போது வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்தார்.

"இன்னா, ரொம்பிச்சா?"

"எங்கங்க ரொம்புது?" என்றார் டிரைவர். "மழ கம்மி. பாதி கூட வரல."

சிரிப்பு வரவில்லை. புடவைக்குள் தொட்டுப் பார்த்தேன். பையின் அடியில் துளிதான். வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "வண்டிய திருப்புப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றார். வேறு வழியில்லாமல் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"யக்கா, காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சீங்களா? நானும் பாத்துக்கினுதான் வரேன்."

எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, அணையோரம் உட்கார்ந்து காத்திருந்தோம். நான் வேண்டாத சாமி இல்லை. முக்கால் மணி நேரத்தில் பை கனத்தது. அந்தக் கனத்துக்குக் கும்பிடு போட்டேன்.

பிறகுதான் மலை ஏறினோம். பெரியார் அருவியில் தண்ணீர் குறைவு, காற்று தாராளம். வெள்ளிமலையில் சாமைச் சோறு கிடைத்தது. உங்களுக்குச் சொல்வது இதுதான்: தண்ணீரைக் குறைக்காதீர்கள். மாற்றுப் பை இரண்டு கையிலேயே இருக்கட்டும். டிரைவரிடம் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் குடித்தும் பை நிரம்பாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலை எங்கும் போய்விடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இறங்கும்போது வீட்டுக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் அசந்து தூங்கிவிட்டார். அவர் அப்படித் தூங்கிப் பார்த்து எத்தனை மாதமாயிற்று. கச்சிராயபாளையம் வந்ததும் வண்டி மெதுவானது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, வீட்டுக்காரர் தூக்கம் கலையாதபடி மெதுவாகக் கேட்டார்:

"யக்கா, ரொம்பிச்சா?"

"ரொம்பிடுச்சி தம்பி. நிறுத்துங்க."