உம்மாவின் முகம் இல்லாத வீடியோக்கள்

பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு வீடியோவுக்கும் அதில் இருப்பவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் மௌத்தான உம்மாவின் குரல் எல்லாவற்றிலும் கேட்கிறது. முகம் ஒன்றில்கூட இல்லை.

துபாயிலிருந்த வாப்பாவுக்கு நாங்கள் எடுத்து அனுப்பும் கேசட்டுகளை அவரோடு தங்கியிருந்த ஆண்களும் பார்ப்பார்கள் என்பதால், கீழக்கரை வீட்டில் கேமராவுக்குப் பின்னால் நின்றுதான் உம்மா பேசுவாள். நான் பத்தாவது படித்தபோது ஒருநாள் மட்டும், பச்சைச் சேலை உடுத்தி, அத்தர் மணக்க என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னையும் கொஞ்சம் எடு. வாப்பா தனியாப் பாத்துக்கிடட்டும்."

"பேட்டரி தீந்துரும் உம்மா. தம்பி சைக்கிள் ஓட்டுறத எடுக்கணும்."

"சரி, அதையே எடு" என்று விலகிக்கொண்டாள்.

இந்த வீடியோவில் தம்பி இருபது நிமிடம் சைக்கிள் ஓட்டுகிறான். பேட்டரி தீரவே இல்லை.